திகதி வந்த வாரம்

உக்குவளை
03.01.2025

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? குவைத்தில் இப்போது கடும் குளிர் என்று போனில் பார்த்தேன். மேடம் கம்பளி ஏதும் தந்தாளா என்று எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு போன் வரும் அரை மணி நேரத்தில் பேசுவதைவிட, நீங்கள் சொன்னபடி, தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவதுதான் நல்லது. அங்கே சமைக்கும் குசினியில் கமரா, பக்கத்தில் மேடம். அதற்கு நடுவில் உங்கள் பிள்ளை தர்சனின் நெஞ்சைப் பற்றி நாம் என்ன பேச முடியும்?

நேற்று அவனைக் கண்டி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எக்கோ எடுத்தார்கள். இதயத்தில் உள்ள ஓட்டை அதே அளவுதான். ஆனால் அதன் வழியாக நுரையீரலுக்குப் போகும் இரத்தம் கூடியிருக்கிறது. டொக்டர் சிங்களத்தில், எனக்கு விளங்குகிறதா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். இந்த வருடத்துக்குள் மூடிவிட வேண்டும். நுரையீரலில் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பிறகு மூடவே முடியாதாம். கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குப் பெயர் பதிந்தாயிற்று.

எத்தனையாவது பிள்ளை என்று கேட்டேன். "அப்படி நேர்வரிசை இல்லை மகள். ரொம்ப முடியாத பிள்ளை வந்தால் அது முன்னுக்குப் போகும்" என்றார். ஒரு கணம், நம் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் முடியாமல் இருக்கக்கூடாதா என்று நினைத்துவிட்டேன். பிறகு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டான். "சித்தி, ஓட்டைய டொக்டர் கையால தைப்பாரா, மிஷின்லயா?" கையால்தான் என்றேன். "அப்ப அத்தைய மட்டும் தைக்க வுட்டுறாதீங்க. அத்த தச்ச களிசான் ரெண்டு தடவ பிஞ்சிருச்சு." அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுதா


குவைத்
10.01.2025

என் அன்பு சுதாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். கம்பளி குடுத்திருக்காங்க, பழசுதான், ஆனா சூடு இருக்கு. நீ நேரத்துக்குச் சாப்புடு. தம்பி கஜீபன், லோகா, அவுங்க மக டிலுக்ஷி எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

களிசான் கதைய பாத்ரூமுக்குள்ள நின்னு படிச்சுச் சிரிச்சிட்டேன். மேடம் கதவத் தட்டி என்னாண்டு கேக்குறா. களிசானுக்கு அரபியில என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியுமா?

இந்த வருசத்துக்குள்ளன்னு எழுதியிருக்க. எனக்கு இங்க வேல கொன்றாக் முடிய அடுத்த வருசம் மாசி ஆகும். நடுவுல போறேன்னா பாஸ்போட்ட கையில தரமாட்டாங்க. இந்த வீட்டுப் புள்ளைக்கும் ஆறு வயசு. பார்க்குல சறுக்குல ஏறி எறங்கி ஓடுவான், நான் பின்னால ஓடுவேன். ஓடி முடிச்சதும் அவன் நெஞ்சுல கை வச்சுப் பாப்பேன். அது பாட்டுக்கு அடிக்கும், ஒரு கொறையும் இருக்காது. அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காது.

ஆஸ்பத்திரியில கூப்புட்டா எந்த நேரமா இருந்தாலும் கெளம்பிரணும். போன சார்ஜ் இல்லாம வைக்காத. எனக்கு நீதான். அவனுக்கும் நீதான்.

மாரியாத்தா பாத்துக்குவா.

ஒன் அக்கா
தமயந்தி


உக்குவளை
21.02.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். தர்சனுக்குச் சளி பிடித்து மருந்து கொடுத்தோம், இப்போது பரவாயில்லை. உங்கள் முதுகைப் பற்றிப் போன கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதனாலேயே வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொழும்பிலிருந்து அழைப்பு வரவில்லை. நான் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். "உங்கள் பெயர் இருக்கிறது, கூப்பிடுவோம்" என்கிறார்கள். தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் முன்பள்ளியில் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடுகிறேன். முந்தாநாள் ஓடிப்போய் எடுத்தால், புது சிம் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார்.

ரயில்பாதைக்கு ஏறும் சரிவில் தர்சன் இப்போது பாதியில் நின்றுவிடுகிறான். களைப்பு என்று சொல்லமாட்டான். "சித்தி, இந்தச் செடிக்குப் பேர் என்னா?" என்பான். அந்த இடத்தில் இருக்கும் செடிகளின் பெயரெல்லாம் எனக்குத் தீர்ந்துவிட்டது. அவன் மூச்சு அடங்கும்வரை நானே பெயர் வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சுதா


உக்குவளை
18.03.2025

அன்புள்ள அக்கா,

முதலில் இதைப் படியுங்கள்: திகதி வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை காலையில் வார்டில் இருக்க வேண்டும். புதனோ வியாழனோ ஒப்பரேஷன்.

போன் வந்தபோது நான் வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்தேன். மாத்தளையில் மாரியம்மன் தேர் முடிந்த கையோடு டிலுக்ஷிக்கு அம்மா வந்திருக்கிறாள். முகத்திலும் முதுகிலும் முத்து. வாசலில் வேப்பிலை கட்டி, வீட்டில் தாளிப்பு நிறுத்தி, அண்ணி விரதம் இருக்கிறார். மூன்றாம் தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

தர்சனைக் கூட்டிக்கொண்டு அலுவிகாரையில் என் சிநேகிதி மபாஸா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று முதல் நாளே கஜீபன் அண்ணனிடம் கேட்டேன். "அம்மா வந்த வீட்ட வுட்டு புள்ளயத் தூக்கிட்டு ஓடுவியா? அவளுக்கு மனசு என்னா பாடுபடும்?" என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தர்சன் டிலுக்ஷியின் பாயில் உட்கார்ந்து அவளுக்கு விசிறிக்கொண்டிருக்கிறான். இதுவரை அவனுக்கு ஒன்றும் இல்லை.

துணிகள் எடுத்து வைத்துவிட்டேன். ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் தைரியமாக இருங்கள்.

அன்புடன்,
சுதா


குவைத்
21.03.2025

என் தங்கம் சுதா,

நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். முதுகு வலி எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.

பாத்தியா, அம்மா நம்ம வீட்டுக்கு வந்த வாரத்துலதான் தேதியும் வந்திருக்கு. வேற யாரு கொண்டாந்தா? அவதான் கொண்டாந்தா. டிலுக்ஷிக்கு இளநி குடுங்க. நான் வந்ததும் தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டியிருக்கேன்.

வார்டுல அவன ஒத்தையில வுடாத. ஊசி போட வந்தா சிரிப்பான், அது சிரிப்பு இல்ல, பயம். கையப் புடிச்சுக்க. ஒப்பரேசன் முடிஞ்சு கண்ணத் தொறந்ததும் "அம்மா அடுத்த மாசி வந்துருவா"ன்னு சொல்லு.

மேடம்கிட்ட புதன், வியாழன் ரெண்டு நாளும் போன் தாங்கன்னு கேட்டிருக்கேன். தாறேன்னு சொல்லியிருக்கா. அவளும் ஒரு தாய்தானே.

ஒன் அக்கா
தமயந்தி


உக்குவளை
25.03.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். இந்த முறை ஒப்பரேஷன் நடக்கவில்லை. நேற்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கூப்பிடுவார்கள். தர்சனுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை, பயப்படாதீர்கள். ரயிலில் நன்றாகத் தூங்கினான்.

புதன்கிழமை போனுக்காக மேடத்திடம் கேட்கவேண்டியதில்லை.

சுதா


குவைத்
28.03.2025

சுதாவுக்கு,

நான் இருக்கேன். புள்ளைக்கு காய்ச்சல் இல்லன்னா ஏன் திருப்பி அனுப்புனாங்க? கட்டில் இல்லையா? டொக்டர் இல்லையா? மெசின் ஒடஞ்சு போச்சா? ஒண்ணுமே எழுதாம "நடக்கவில்லை"ன்னா நான் என்னான்னு நெனைக்கிறது?

தம்பிய கேட்டேன். "அத சுதாகிட்டயே கேளு"ன்னு ஒரு மாதிரி சொல்லிட்டு போன லோகாகிட்ட குடுத்துட்டான். லோகா அழுகுறா. அவ ஏன் அழுகணும்?

நீ பொய் எழுத மாட்ட. எழுதாம வுடுவ, எனக்குத் தெரியும். சின்னதுலயும் அப்புடித்தான். நடந்தத எழுது.

தமயந்தி


உக்குவளை
01.04.2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நடந்ததை எழுதுகிறேன்.

புறப்படும்போது அண்ணன் திரீவீலைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "போ. ஆனா அங்க போயி அம்மா பேர எடுக்காத. அவ சீக்கு இல்ல, வார்டுல வச்சு விசாரிக்க. எடுத்தா தேதியும் போயிரும்." அவர் சொன்னதில் பக்தி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. வார்டில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ரயிலில் கொழும்புவரை "இல்லை" என்று சிங்களத்தில் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். சின்னச் சொல்தான்.

வார்டில் நேர்ஸ் இளம் பெண். கனிவாகத்தான் கேட்டாள். காய்ச்சல்? இருமல்? மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டதா? நான் இல்லை என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். கட்டில்கூடக் காட்டினாள்.

அடுத்த தொட்டிலில் ஒரு கைக்குழந்தை. ஒப்பரேஷன் முடிந்து வந்த பிள்ளை. தாய் சீகிரியாவைச் சேர்ந்த சிங்களப் பெண். எங்கள் பையை வைக்கத் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளிக்கொடுத்தாள். குழந்தையின் நெஞ்சில் வட்ட வட்டமாக மெசின் வயர்களை ஒட்டியிருந்தார்கள். தர்சன் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான். "சித்தி, இந்தப் பாப்பாவுக்கும் அம்மா வந்திருக்கா? நம்ம டிலுக்கிக்கு வந்த மாதிரியா?" என்று உரக்கக் கேட்டான்.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நேர்ஸ் சிரித்துக்கொண்டே, "மகன் என்ன சொல்கிறான்?" என்று சிங்களத்தில் கேட்டாள். அந்தத் தாயும் சிரித்த முகமாக என்னைப் பார்த்தாள், தன் பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்கிறான் என்று.

பாப்பா அழகாக இருக்கிறது என்கிறான். இதைச் சொல்லியிருக்கலாம். அது வாயில் வந்தும் விட்டது. ஆனால் அவனுடைய கை அந்தக் கம்பியில் இருந்தது, அக்கா. குழந்தையின் கால் கிட்டத்தட்ட அவன் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. நேர்ஸ் முகத்தில் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு எங்களை வெளியே நடைபாதைக்குக் கூட்டிவந்தாள். அம்மை உடலுக்குள் இருந்தால் இப்போது வெளியே தெரியாது, நெஞ்சைத் திறந்த பிறகு வந்தால் அவனுக்கே ஆபத்து, மற்றப் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்று டொக்டர் விளக்கினார். மூன்று வாரம் கழித்து அறிவியுங்கள், புதுத் திகதி தருவோம் என்றார். எப்போது என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். பையை எடுக்கத் திரும்பிப் போனபோது அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள்.

மறைத்திருந்தால் அவன் இன்று ஒப்பரேஷன் முடிந்து படுத்திருப்பான். இதை நான் யோசிக்காத நேரம் இல்லை.

சுதா


குவைத்
11.04.2025

சுதர்சினிக்கு,

மூணு தடவ எழுதிக் கிழிச்சிட்டேன்.

அவன் தமிழ்ல சொன்னான். அந்த நேர்ஸ் மிஸ்ஸிக்கு வெளங்கல. ஒருத்தருக்கும் வெளங்கல. சாமியே கதவ மூடி வச்சிருந்துச்சு. நீ தொறந்து வுட்ட.

அந்தப் பாப்பா பேர் என்னாண்டு தெரியுமா ஒனக்கு? அந்தத் தாய்க்காரி எம்புள்ளைக்காக இப்புடி ஒரு வார்த்த சொல்லியிருப்பாளா? அவ புள்ளைக்கு முடிஞ்சிருச்சு. எம்புள்ளைக்கு முடியல. ஒன் வயித்துல பொறந்திருந்தா சொல்லியிருப்பியா? புஸ்தகம் படிக்கிறவ நீ, நல்லா யோசிச்சுச் சொல்லு.

ஒன்ன நம்பித்தான் நான் பிளேன் ஏறுனேன்.

இனி எனக்கு எழுத வேணாம். புள்ள செய்திய தம்பிகிட்ட கேட்டுக்கறேன். வருசப்பொறப்புக்கு அவனுக்குப் புதுச் சட்ட போட்டு வுடு.

தமயந்தி


உக்குவளை
16.05.2025

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். அனுப்பினால் நீல அடையாளம் விழுகிறதா பார்க்கிறேன்.

தர்சன் சுகமாக இருக்கிறான். வருடப்பிறப்புக்குப் போட்ட சட்டை பச்சை நிறம். வெள்ளிக்கிழமை அண்ணனின் போனில் அவன் உங்களோடு பேசும்போது நான் குசினியில்தான் இருக்கிறேன். என்னைக் கேட்பீர்களா என்று காத்திருப்பதில்லை. அடுப்பு வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்வேன், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் சொல்லியிருப்பார், நான் சொல்வதுதான் முறை. தர்சனுக்கு அம்மா வரவேயில்லை. மூன்று வாரம் கழிந்து, அதற்கு மேலும் கழிந்தது. ஒரு முத்துகூட இல்லை. தினமும் குளிப்பாட்டும்போது முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். வரக்கூடாது என்றுதான் பார்த்தேன். ஆனால் வந்திருந்தால் நான் செய்தது சரியென்று ஆகியிருக்கும். அந்த எண்ணமும் எங்கேயோ இருந்தது. அண்ணன் சொன்னார்: "அம்மா அவன தொடக்கூட இல்ல. நீதான் அவ பேர அங்க சொல்லி தேதிய கெடுத்த."

நீங்கள் கேட்டதை யோசித்தேன். என் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. இதுதான் உண்மையான பதில்.

ஆஸ்பத்திரிக்கு அறிவித்துவிட்டேன். பெயர் இருக்கிறது என்கிறார்கள். இப்போது சரிவில் அவனைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறேன். தூக்குவது கஷ்டமாக இல்லை. அதுதான் கவலை.

சுதா


அலுவிகாரை
22.06.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? தர்சன் மெலிந்திருக்கிறான், ஆனால் வாய் குறையவில்லை. மபாஸாவின் உம்மா செய்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, "சித்தி, நாம இங்கயே இருந்துருவமா?" என்கிறான்.

திகதி வந்திருக்கிறது. ஜூலை ஏழாம் திகதி, திங்கட்கிழமை. போன வாரம் கிளினிக்கில் மறுபடி எக்கோ எடுத்தார்கள். அழுத்தம் கூடியிருக்கிறது. இன்னும் மூடலாம், ஆனால் இதற்கு மேல் தள்ளக்கூடாது என்றார் டொக்டர். போன மார்ச்சில் செய்திருந்தால் என்று அவர் ஒரு வசனத்தைத் தொடங்கி நிறுத்திவிட்டார். நான் முடிக்கச் சொல்லவில்லை.

அன்றே அவனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். ஏழாம் திகதிவரை எந்தப் பிள்ளையோடும் அவனை விளையாட விடமாட்டேன். நம் லயத்து வீடுகளில் யாருக்கும் ஒன்றும் இல்லை, இருந்தாலும் வந்துவிட்டேன். அண்ணனுக்குக் கோபம். "அங்கயே இருந்துக்க, திரும்பி வராத" என்றார். பிறகு தானே திரீவீலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

ஒரு கடிதம் வேண்டும், அக்கா. தாய் நாட்டில் இல்லாததால், உங்களுக்குப் பதிலாகச் சம்மதக் கையெழுத்து வைப்பவர் யார் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். போன முறை விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. தமிழில் எழுதினால் போதும், மாத்தளையில் ஜிப்ரி சேர் சிங்களத்தில் மொழிபெயர்த்து முத்திரை வைத்துத் தருவார். அண்ணனின் பெயரை எழுதினாலும் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வந்து தங்கத் தயார். வார்டில் அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார்கள். நான் இருந்தால் எப்படிப் பதில் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். நன்றாக யோசித்து எழுதுங்கள்.

இந்த வெள்ளிக்குள் வந்துவிட்டால் நல்லது.

சுதா


குவைத்
27.06.2025

இருதய ஒப்பரேசன் வார்ட் பெரிய டொக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

அழகையா தமயந்தி ஆகிய நான் உக்குவளை தர்சனின் தாய். அவனுக்கு வயது ஆறு. அவனுடைய அப்பா எங்களோடு இல்லை. நான் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறேன். ஏழாம் திகதி வர என்னால் முடியாது.

என் மகனின் நெஞ்சைத் திறந்து ஓட்டையை மூடுவதற்கு எனக்குச் சம்மதம். எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க என் தங்கை அழகையா சுதர்சினிக்கு மட்டும் உரிமை தருகிறேன். என்ன நடந்தாலும் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஊசி போடும்போது அவன் சிரிப்பான். அது பயம். தயவு செய்து என் தங்கையைப் பக்கத்தில் நிற்க விடுங்கள்.

அவனுக்குச் சிங்களம் வராது. அவன் என்ன சொன்னாலும் அவள் மாற்றாமல் உங்களுக்குச் சொல்வாள்.

இப்படிக்கு,
அழகையா தமயந்தி